குளியலறைச் சுவரில் கையகலச் சிலந்தி: பயப்பட வேண்டுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் பழைய அடுக்குமாடி ஒன்றின் இரண்டாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. மூலைக்கு மூலை ஒட்டடை, சுவரில் அங்கங்கே குட்டிச் சிலந்திகள், இரவில் குளியலறை விளக்கைப் போட்டால் கையகலத்துக்கு ஒன்று அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. இவை விஷமா, குழந்தையைக் கடிக்குமா, பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்களைக் கூப்பிடட்டுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதலில் நேரடியான பதில். நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால், குழந்தைக்கு ஆபத்தான சிலந்தி எதுவும் உங்கள் வீட்டில் இல்லை. சிலந்திக்காக மருந்து அடிக்கவும் தேவையில்லை. ஆனால் அந்தக் கையகலச் சிலந்தி இருக்கிறதென்றால், அதைக் கொழுக்க வைக்கும் அளவுக்குக் கரப்பான்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். கவலைப்பட வேண்டியது அதற்குத்தான். இனி விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் இருப்பது ஒரே வகைச் சிலந்தி இல்லை. நம் ஊர் வீடுகளில் சாதாரணமாக ஏழெட்டு வகைகள் இருக்கும். ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்யாது, ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்று இருக்காது. எது எது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

குளியலறைக்காரரிலிருந்து ஆரம்பிக்கலாம். அதை வேட்டைச் சிலந்தி என்பார்கள். அறிவியல் பெயர் ஹெட்டெரோபோடா வெனடோரியா. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை உருவாக்கிய லின்னேயஸ் 1767-லேயே பெயர் வைத்துவிட்ட இனம் இது. ஆசியாவிலிருந்து கப்பல் சரக்குகளோடு, முக்கியமாக வாழைத்தார்களோடு பயணம் போய், இன்றைக்கு உலகத்தின் வெப்பமான ஊர்களில் எல்லாம் வீட்டுக்குள் குடியிருக்கிறது. உடம்பு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். கால்களை விரித்தால் பத்து சென்டிமீட்டர் வரை வரும், அதனால்தான் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. கால்கள் நண்டுக்கு இருப்பதைப் போலப் பக்கவாட்டில் விரிந்திருக்கும். உடம்பு தட்டையாக இருப்பதால் கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கு, அலமாரிக்குப் பின்பக்கம், மாட்டிவைத்த காலண்டருக்கு அடியில் என்று எங்கே வேண்டுமானாலும் பகலெல்லாம் ஒளிந்துகொள்ளும். டார்ச் அடித்து நேருக்கு நேர் பார்த்தீர்களானால், கண்களுக்குக் கீழே முகத்தின் குறுக்கே வெளிர் மஞ்சளாக ஒரு பட்டை தெரியும். அது இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இது வலை பின்னி இரை பிடிப்பதில்லை. இருட்டில் சுவரோடு சுவராக அசையாமல் காத்திருக்கும். கரப்பான்பூச்சி நடக்கும்போது சுவரில், தரையில் ஏற்படும் அதிர்வைக் கால்களால் உணர்ந்து ஒரே பாய்ச்சலில் பிடித்துவிடும். குளியலறையை அது தேர்ந்தெடுப்பதற்கும் இதுவே காரணம். தண்ணீர் போகும் குழி வழியாகத்தான் பெரிய கரப்பான்கள் மேலே வருகின்றன, கொஞ்சம் ஈரமும் கிடைக்கிறது. மனிதர்களைக் கண்டால் அது செய்யும் முதல் காரியம் ஓடுவது. அந்த ஓட்டத்தின் வேகம்தான் பலருக்கு நடுக்கத்தைத் தருகிறது. நம்மை நோக்கி ஓடி வருவதுபோல் தோன்றினாலும் உண்மையில் பக்கத்தில் இருக்கும் இருட்டைத் தேடித்தான் ஓடுகிறது. கையால் பிடித்து அழுத்தினால் கடிக்கும். கடித்த இடம் வலிக்கும், சற்று வீங்கும், அப்புறம் தானாகச் சரியாகிவிடும்.

சில சமயம் வயிற்றுக்கடியில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளையாக ஒரு வில்லையைப் பிடித்துக்கொண்டு இருக்கும். அது பெண், அந்த வில்லை முட்டைப்பை. குஞ்சு பொரியும் வரை அதைக் கீழே வைக்காது, அந்த நாட்களில் பெரும்பாலும் இரையும் எடுக்காது. அந்தப் பையில் நூற்றுக்கு மேல் குஞ்சுகள் இருக்கும் என்பதால், வில்லையோடு ஒன்றைப் பார்த்தால் அப்போதே வெளியே கொண்டுபோய் விடுவதுதான் உங்களுக்கு நிம்மதி. துடைப்பத்தால் அடித்தால் பை கிழிந்து குஞ்சுகள் அறை முழுக்கச் சிதறிவிட வாய்ப்பு உண்டு. வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவை மெதுவாக மேலே கவிழ்த்து, சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவில் ஒரு கெட்டி அட்டையை நுழைத்தால் போதும். ஓடுகிற பழக்கம் உள்ளது என்பதால் டப்பாவைப் பக்கவாட்டில் இருந்து கொண்டுவராமல் நேர் மேலிருந்து வையுங்கள். கீழே தோட்டத்தில், மரத்தடியில் விட்டால் பிழைத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சுவரோரத்தில் செத்துக் கிடக்கும் பெரிய சிலந்தி என்று நினைத்துப் பலர் பதறுவது உண்மையில் சட்டையாக இருக்கும். சிலந்தி வளரும்போது தோலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போகும். காலின் மயிர் உட்பட அப்படியே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது, ஊதினால் பறக்கும்.

அடுத்து, மூலைக்கு மூலை ஒட்டடை. இதைக் கட்டுவது நீளமான மெல்லிய கால்களும் சிறிய சாம்பல் உடம்பும் கொண்ட நீள்கால் சிலந்தி. நம் பக்கத்து வீடுகளில் அதிகம் இருப்பது கிராஸோபிரிஸா லையோனி என்ற இனம். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் வயிற்றின் பின்முனை மேல்நோக்கிக் கூராக எழும்பியிருக்கும். வலையில் எப்போதும் தலைகீழாகத் தொங்கும். விரலால் வலையைத் தொட்டுப் பாருங்கள், உடனே உடம்பைச் சுழற்றிச் சுழற்றி ஆட்டும். அந்த வேகத்தில் அதன் உருவமே மங்கிப்போய் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. பல்லியிடமிருந்து தப்பிக்க அதற்குத் தெரிந்த வழி அது.

அந்த வலையில் பசை அவ்வளவாகக் கிடையாது. கொசு வந்து நூல்களில் தடுக்கி நிற்கும்போது சிலந்தி நெருங்கிப் போய்க் கடிக்காது. கொஞ்சம் தள்ளி நின்று, பின்னங்கால்களால் நூலை இழுத்து இழுத்து அதன்மேல் வீசும். கொசு முழுக்கக் கட்டுப்பட்ட பிறகுதான் கிட்டப் போகும். மெல்லிய உடம்புக்காரனுக்கு அந்த நீளமான கால்கள்தான் பாதுகாப்பு, தன்னைவிடப் பெரிய சிலந்தியைக்கூட இப்படித் தூர நின்றே கட்டிப் போட்டுத் தின்றுவிடும். பெண் சிலந்தி முட்டைகளை நாலைந்து இழைகளால் மட்டும் சேர்த்துக் கட்டி, அந்த உருண்டையை வாயில் கவ்விக்கொண்டே திரியும். கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டத்தில் பார்த்தால் முட்டைகளைத் தனித்தனியாக எண்ணிவிடலாம்.

தாய்லாந்தில் இதே இனத்தை வைத்து ஓர் ஆய்வு நடந்து 1997-இல் வெளியானது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்களை வீட்டுக்குள் பிடித்துத் தின்னும் சிலந்தி என்ற கோணத்தில்தான் அதில் இதன் வாழ்க்கையைப் பதிவு செய்தார்கள். இதைச் சொல்வதால், சிலந்தி இருந்தால் டெங்கு வராது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பால்கனித் தொட்டியில், ஃபிரிஜ்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டில் தண்ணீர் தேங்கினால் எத்தனை சிலந்தி இருந்தாலும் கொசு வரத்தான் செய்யும். ஆனால் நம் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும் ஒன்று யாருக்கும் தொந்தரவில்லாமல் கொசுவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

இதைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கும்: உலகிலேயே கொடிய விஷம் இந்த நீள்கால் சிலந்திக்குத்தான், பல் குட்டையாக இருப்பதால் மனிதர்களைக் கடிக்க முடியவில்லை என்று. அதில் உண்மை இல்லை. இதன் விஷம் மிகவும் லேசானது.

ஆனால் ஒட்டடை என்பது வேறு, வலை என்பது வேறு. சிலந்தி இருக்கும் வலை மெல்லியதாக, வெளிச்சத்தில் பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். கறுத்துப்போய், தூசி ஏறி, கயிறு கயிறாகத் தொங்குவது கைவிடப்பட்ட பழைய வலை. அதில் சிலந்தியும் இருக்காது, கொசுவும் மாட்டாது. போகிக்கு ஒரு முறை அடித்தால் போதும் என்று விட்டுவிடாமல், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஒட்டடைக் குச்சியால் எடுத்துவிடுங்கள். குழந்தைக்குச் சளி, இழுப்பு இருந்தால் அந்தத் தூசிக்காகவாவது எடுக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை தொடர்ந்து எடுத்தால் சிலந்திகளே இடம் மாறிப்போகும். வருடத்துக்கு ஒரு முறை மருந்து அடிப்பதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

சுவரில் அங்கங்கே ஓடும் குட்டிகள் என்று நீங்கள் சொன்னது பெரும்பாலும் தாவும் சிலந்திகள். எனக்கு மிகவும் பிடித்தவை இவைதான், அதனால் இங்கே கொஞ்சம் நீட்டிவிடுவேன். மற்ற வீட்டுச் சிலந்திகளில் பெரும்பாலானவை இரவில் நடமாடுபவை, இவை பகலில் வேட்டையாடும். சாம்பல் நிறத்தில் சுவரோடு ஒட்டிய தட்டை உடம்போடு வெயில் படும் வெளிச்சுவர், ஜன்னல் விளிம்பு என்று ஈயைத் துரத்துவது மெனெமெரஸ். வீட்டுக்குள் புத்தக அலமாரி, திரைச்சீலை என்று திரிவது ஹாசாரியஸ் அடன்சோனி. அதில் ஆண் கறுப்பாக இருக்கும், வயிற்றின் முன்பக்கத்தில் பிறை வடிவில் ஒரு வெள்ளைக் கோடு, முகத்தைச் சுற்றிச் செம்பழுப்பு. பிளெக்ஸிப்பஸ் என்று சற்றே பெரிய இன்னொன்றும் உண்டு.

எட்டுக் கண்களில் முன்னால் உள்ள இரண்டு மட்டும் மிகப் பெரியவை. அந்த இரண்டும் உள்ளே நீண்ட குழாய் போல அமைந்தவை, விழித்திரையையே உள்ளுக்குள் அசைத்துப் பொருளை அளவெடுக்கும். மற்ற ஆறும் சுற்றுப்புறத்தில் அசைவு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. பக்கவாட்டில் உங்கள் விரலை மெதுவாக அசைத்துப் பாருங்கள், உடம்பைத் திருப்பி நேராக உங்களைப் பார்க்கும். விரலை இந்தப் பக்கம் கொண்டுபோனால் இந்தப் பக்கம் திரும்பும். குழந்தைக்குக் காட்டுவதற்கு இதைவிட நல்ல உயிர் வீட்டுக்குள் கிடைக்காது.

தாவுவதற்கு முன் பின்பக்கத்தை ஒரு முறை சுவரில் தொட்டு எடுக்கும். அங்கே ஓர் இழையை ஒட்டுகிறது. குறி தவறிக் கீழே விழுந்தால் அந்த இழையைப் பிடித்து ஏறிவிடும். தாவுகிற விதமும் விசேஷமானது. சிலந்தியின் காலில் சில மூட்டுகளை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை கிடையாது. உடம்பில் உள்ள திரவத்தை அழுத்தத்தோடு காலுக்குள் செலுத்தித்தான் நீட்டுகிறது. தாவும் சிலந்தி அந்த அழுத்தத்தைத் திடீரென்று பின்னங்கால்களுக்கு ஏற்றி எகிறுகிறது. செத்த சிலந்தி ஏன் எப்போதும் கால்களை உள்ளே சுருட்டிக்கொண்டு கிடக்கிறது என்பதற்கும் இதுதான் காரணம், அழுத்தம் போய்விட்டால் மடக்கும் தசை மட்டும்தான் மிச்சம்.

ஜன்னல் மூலையில், சுவிட்ச் பெட்டி ஓரத்தில் வெள்ளையாக, பஞ்சு ஒட்டியது மாதிரி ஒரு சின்னப் பை தெரிந்தால் அது இவற்றின் படுக்கை. இரவில் அதற்குள் போய் உறங்கும், முட்டையும் அங்கேதான்.

இதைவிடச் சின்னதாக, சுவரும் கூரையும் சேரும் இடத்தில் சுண்ணாம்பு ஒட்டியது போல வட்ட வட்டமாக வெள்ளைத் திட்டுகள் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டாயம் இருக்கும், கழுவினாலும் திரும்ப வரும், பெயின்ட் உரிகிறது என்றே பல பேர் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஈகோபியஸ் என்ற சுவர்ச் சிலந்தியின் கூடாரம் அது. உடம்பு இரண்டு மூன்று மில்லிமீட்டர். ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறிப் பாருங்கள்: மெல்லிய இரண்டு படலங்களுக்கு நடுவில் சிலந்தி தட்டையாகப் படுத்திருக்கும், விளிம்பில் இருந்து நாலாபுறமும் இழைகள் சுவரோடு ஒட்டிப் போகும், அந்த இழைகளில் எறும்புகளின் காய்ந்த உடல்கள் ஒட்டியிருக்கும். எறும்பின் கால் இழையில் பட்டதும் வெளியே ஓடிவந்து எறும்பைச் சுற்றிச் சுற்றி மின்னல் வேகத்தில் ஓடும். ஓடும்போதே பின்பக்கத்தில் உள்ள மயிர்க் கொத்தால் நூலைச் சீவி எடுத்து எறும்பைத் தரையோடு தைத்துவிடும். தன் அளவே இருக்கும், கடிக்கத் தெரிந்த ஓர் உயிரை இப்படிக் காயமில்லாமல் மடக்கும் வித்தை அது. இதன் இனங்களில் ஒன்றுக்கு ஈகோபியஸ் மராதௌஸ் என்று பெயர். இந்தியச் சிலந்திகளை வகைப்படுத்துவதற்கே வாழ்நாளைக் கொடுத்த பி. கே. டிகாதர் 1962-இல் விவரித்தது. இந்தியாவில் விவரிக்கப்பட்ட இந்த இனம் இன்றைக்குப் பல வெப்ப நாடுகளின் வீட்டுச் சுவர்களில் இருக்கிறது.

இன்னும் இரண்டை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரவில் சுவரில் மிக மெதுவாக, தயங்கித் தயங்கி நடக்கும், முன்பாதி குமிழாகப் புடைத்த ஒரு சிலந்தி இருக்கும். அது ஸ்கைடோடஸ், துப்பும் சிலந்தி. புடைப்புக்குள் இருப்பது பசை. இரையை நெருங்கி நின்று பசையையும் விஷத்தையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகத் துப்பும், கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது, இரை சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நம்மேல் துப்பாது. இன்னொன்று ஸோஸிஸ். படிக்கட்டுக்கு அடியில், பரண் ஓரத்தில் தரைக்கு இணையாகப் படுத்த மாதிரி வட்ட வலை பின்னும். இந்தக் குடும்பத்துச் சிலந்திகளுக்கு விஷச் சுரப்பியே கிடையாது. இரையை நூலால் சுற்றிச் சுற்றி இறுக்கியே அடக்கும். திருவானைக்காவில் சிவலிங்கத்தின் மேல் இலை உதிராமல் சிலந்தி ஒன்று பந்தல் பின்னியது, யானை அதை அழித்தது, அந்தச் சிலந்தியே மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டினான் என்று தலபுராணம் சொல்லுமே, படுக்கை வாட்டில் பின்னப்பட்ட இந்த வலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பந்தல்தான் ஞாபகத்துக்கு வரும்.

சரி, கடிக்கு வருவோம். நம் ஊரில் உடம்பில் எங்கே தடிப்பு வந்தாலும், காலையில் எழுந்ததும் கொப்புளம் இருந்தாலும், எட்டுக்கால் பூச்சி ஏறிவிட்டது என்று சொல்லிவிடுவது வழக்கம். சிலந்திக்கு நம் இரத்தம் தேவையில்லை. தூங்குகிற மனிதரைத் தேடி வந்து கடிப்பதில் அதற்கு எந்த லாபமும் இல்லை. மூட்டைப்பூச்சி, கொசு, உண்ணி ஆகியவை நம்மைத் தேடி வருபவை. அடுத்தடுத்து மூன்று நான்கு கடி வரிசையாக இருந்தால் மெத்தையின் தையலில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

சிலந்தியின் தலையில் அதிகமாக விழும் பழி ஒன்று உண்டு. மழை பெய்த சில நாட்களில் கழுத்திலோ கன்னத்திலோ கோடு இழுத்தது மாதிரி சிவந்து எரியும், பிறகு சின்னச் சின்னக் கொப்புளமாக மாறும். முழங்கை மடிப்பில் வந்தால் மடிப்பின் இரண்டு பக்கமும் அச்சு எடுத்தது போல ஒரே வடிவில் வரும். இது சிலந்தி இல்லை. பெடெரஸ் என்ற சிறு வண்டு. ஒரு சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். தலை கறுப்பு, நடுவில் ஆரஞ்சு, அப்புறம் கருநீலம், மறுபடி ஆரஞ்சு, நுனி கறுப்பு என்று பட்டை பட்டையாக, பெரிய எறும்பு மாதிரி தெரியும். இது கடிப்பதும் இல்லை கொட்டுவதும் இல்லை. ட்யூப்லைட் வெளிச்சத்துக்கு வந்து நம்மேல் விழும். நாம் தூக்கத்தில் தட்டி நசுக்கும்போது அதன் உடம்பில் உள்ள பெடெரின் என்ற நச்சு தோலில் தேய்ந்துவிடும். எரிச்சல் ஒரு நாள் கழித்துத்தான் கிளம்பும் என்பதால் யாருக்கும் வண்டு ஞாபகம் இருக்காது, பக்கத்துச் சுவரில் இருக்கும் சிலந்திதான் கண்ணில் படும். இந்த வண்டு மேலே உட்கார்ந்தால் அடிக்காதீர்கள், ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். குழந்தையின் தொட்டில் ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே இருந்தால் இடம் மாற்றிப் போடுங்கள். சிலந்தியைப் பற்றிக் கேட்ட உங்களுக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள விஷயம் இதுவாகக்கூட இருக்கலாம்.

இன்னொன்று அக்கி. உடம்பின் ஒரே பக்கத்தில், பட்டை மாதிரி கொப்புளங்கள், தொட முடியாத எரிச்சல். வீட்டில் பெரியவர்களுக்கு வந்தால் இதையும் சிலந்தி என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது பழைய சின்னம்மைக் கிருமி திரும்பக் கிளம்புவது. 72 மணி நேரத்துக்குள் மருந்து ஆரம்பித்தால் பலன் அதிகம், அதனால் சிலந்திக்கடி என்று நினைத்து நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

இணையத்தில் தேடினால் சதை அழுகிய படங்களோடு பிரவுன் ரெக்லூஸ் என்ற பெயர் வரும். அது அமெரிக்காவின் நடுப்பகுதியில் வாழும் சிலந்தி, நம் ஊரில் கிடையாது. அது வாழும் ஊரிலேயே நிலைமை என்ன என்று கேளுங்கள்: கான்சஸ் மாநிலத்தில் ஒரு குடும்பம் குடியிருந்த வீட்டில் ஆறு மாதத்தில் 2,055 பிரவுன் ரெக்லூஸ் சிலந்திகளைப் பிடித்தார்கள். 2002-இல் வெளியான ஆய்வு அது. அந்த வீட்டில் ஒருவருக்கும் சிலந்திக்கடியால் பாதிப்பு வந்திருக்கவில்லை. ஒதுங்கி வாழும் உயிர் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. சிலந்தி இல்லாத வீடு என்று ஒன்றைத் தேடுவதிலும் அர்த்தமில்லை. அமெரிக்காவின் ராலி நகரைச் சுற்றி 50 வீடுகளை மூலை முடுக்கெல்லாம் தேடி 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள், ஒட்டடை கட்டும் சிலந்திக் குடும்பம் 50 வீட்டிலும் இருந்தது.

உண்மையிலேயே தள்ளி நிற்க வேண்டிய ஒன்றும் உண்டு. மயிர் அடர்ந்த, தடித்த கால்களில் மஞ்சளும் கறுப்புமாக அழகான கோலம் போட்ட பெரிய மரச்சிலந்திகள், பீஸிலோதீரியா. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரங்களிலும் இலங்கையிலும் மரப்பொந்துகளில் வாழ்பவை. இராமேசுவரத்தில் கண்டறியப்பட்ட இனம் ஒன்றும் உண்டு, 2004-இல் விவரிக்கப்பட்டது. சென்னை அடுக்குமாடிக்கு அவை வருவதில்லை. ஆனால் மரங்கள் போய்விட்ட இடத்தில் அவையும் கட்டடத்தைத் தேடுகின்றன. இலங்கையின் வடக்கே மாங்குளத்தில் பீஸிலோதீரியா ராஜேயி என்று ஒரு புதிய இனத்தை 2012-இல் விவரித்தார்கள். காலை விரித்தால் 20 சென்டிமீட்டர் வரும். போருக்குப் பிறகு அந்தப் பகுதியில் தேடியபோது, பழைய மரங்களில் மட்டுமல்லாமல் மாங்குளம் மருத்துவமனையின் பழைய மருத்துவர் விடுதியிலும் அது குடியிருந்தது. இந்த வகை கடித்தால் கடும் வலியும், பல நாள் நீடிக்கும் தசைப்பிடிப்பும் வரும். மலையடிவாரத்தில், தோப்புக்கு நடுவில் வீடு உள்ளவர்கள் இந்த மாதிரி ஒன்றைப் பார்த்தால் கை வைக்காமல் வனத்துறைக்குச் சொல்லிவிடுவது நல்லது.

இனி பெஸ்ட் கன்ட்ரோல். சுவரெல்லாம் தெளிக்கும் மருந்து சிலந்திக்கு அவ்வளவாக ஏறாது. கரப்பான் உடம்பைத் தரையில் இழுத்துக்கொண்டு நடக்கிறது, அப்புறம் காலையும் மீசையையும் வாயால் துடைத்துக்கொள்கிறது, மருந்து உள்ளே போய்விடுகிறது. சிலந்தி நுனிக்காலில் நடக்கிறது, வலைக்காரர்கள் சுவரைத் தொடுவதே குறைவு. மேலே நேராக அடித்தால் சாகும், அவ்வளவுதான். அதற்காக, தவழ்ந்து, விழுந்து, கையை வாயில் வைக்கும் குழந்தை உள்ள வீட்டில் தரையெல்லாம் மருந்து தெளிப்பதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். கரப்பானுக்கு ஜெல் வாங்குங்கள். சமையலறை அலமாரியின் கீல் ஓரம், சிங்குக்கு அடியில், குழந்தையின் கை எட்டாத இடுக்குகளில் பொட்டுப் பொட்டாக வையுங்கள். குளியலறையில் தண்ணீர் போகும் குழியில் பதித்திருக்கும் நானி டிராப் உடைந்திருந்தால் மாற்றுங்கள், மேலே கரப்பான் வராத ஜாலியைப் போடுங்கள். கரப்பான் குறைந்தால் சில வாரங்களில் வேட்டைச் சிலந்தியும் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்.

இயற்கையாகவே சிலந்தியைக் குறைக்க ஆட்கள் இருக்கிறார்கள். பல்லி ஒன்று. குளவி இன்னொன்று. மஞ்சளும் கறுப்புமாக, நூல் போன்ற இடுப்போடு வந்து அலமாரி ஓரத்தில் மண்கூடு கட்டும் குளவிக்கு ஸ்கெலிஃப்ரான் மெட்ராஸ்பேட்டனம் என்று பெயர். 1781-இல் வைத்தது, பெயரிலேயே மதராஸ்பட்டினம் இருக்கிறது. கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று பெரியவர்கள் அதைக் கலைக்க விடமாட்டார்கள். குளவி போய்விட்ட பழைய கூடுகளோடு முடிக்கப்படாத ஓர் அறை இருந்தால் உடைத்துப் பாருங்கள், உள்ளே சிலந்திகளை நெருக்கி அடைத்து வைத்திருக்கும். அவை செத்தவை இல்லை. கொட்டி மயக்கி வைத்தவை, தொட்டால் கால் லேசாக அசையும். குளவிக் குஞ்சுக்கு அழுகாத உணவு வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. பருவத்துக்குப் பல சிலந்திகளை ஒரு குளவி இப்படி எடுத்துப்போய்விடும்.

கடைசியாக வெளிச்சம். பால்கனியிலும் வாசலிலும் எரியும் வெள்ளை ட்யூப்லைட்தான் இரவுப் பூச்சிகளை வரவழைக்கிறது, அவற்றைத் தேடிச் சிலந்தியும் பெடெரஸ் வண்டும் வருகின்றன. அந்த இரண்டு இடத்தில் மட்டும் மஞ்சள் வெளிச்சம் தரும் எல்இடி மாற்றிவிடுங்கள், ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துவிடுங்கள், வாசல் கதவுக்கு அடியில் உள்ள இடைவெளிக்கு ரப்பர் பட்டை ஒட்டிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்து ஈசல் கிளம்பும் மாலைகளில் வெளிவிளக்கை அணைத்து ஜன்னல்களைச் சாத்திவையுங்கள். ஈசல் ஓய்ந்ததும் வழக்கம்போல விளக்கைப் போட்டுக்கொள்ளலாம்.